அடுத்த பிளாக்கை எழுதப்போவது யார்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தைச் சுற்றியே வந்தன: ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக் முறையில் ஓடும் பிளாக்செயின்களில், காயின்களைப் பணயம் வைத்துவிட்டுக் காத்திருக்கும் வேலிடேட்டர்களிலிருந்து (பரிவர்த்தனைகளைச் சரிபார்ப்பவர்கள்) அடுத்த பிளாக்கை, அதாவது பரிவர்த்தனைகளின் அடுத்த தொகுப்பை, எழுதுபவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? மற்ற கேள்விகள் கொஞ்சம் பொறுக்கட்டும், இந்த இதழ் முழுக்க இதற்குத்தான்.

கேள்வி: பிட்காயினில் கம்ப்யூட்டர் சக்தி உள்ளவர் ஜெயிக்கிறார், இங்கே காசு உள்ளவர் ஜெயிக்கிறார். அவ்வளவுதானே? இதற்கு எதற்குத் தனியாக ஒரு தேர்தல் அல்காரிதம்?

காசு உள்ளவருக்கு வாய்ப்பு அதிகம் என்பது வரை சரி. ஆனால் எவ்வளவு அதிகம், எந்த நேரத்தில் எண்ணிய காசு, குலுக்கலுக்கான எண்ணை யார் போட்டது என்ற மூன்றில் ஒன்று பிசகினாலும், 10 சதவீத ஸ்டேக் (பணயம் வைத்த காயின்) வைத்திருப்பவர் 10 சதவீதத்துக்கு மேல் பிளாக் எழுத ஆரம்பித்துவிடுவார். அது நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அல்காரிதத்தின் வேலை.

2012ல் வந்த பியர்காயினை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காயின்களின் எண்ணிக்கையை, அவை அசையாமல் கிடந்த நாட்களால் பெருக்கி வாய்ப்பைக் கணக்கிட்டார்கள். கேட்க நியாயமாகவே இருக்கும், குறைவாக வைத்திருப்பவரும் காத்திருந்தால் முறை வரும் அல்லவா? ஆனால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுவிட்டு நெட்வொர்க்குக்கு எந்த உதவியும் செய்யாமல் இருந்தாலும் காயினுக்கு ஒரு வரம்பு வரை வயது ஏறிக்கொண்டே போகும், அப்படிச் சேர்த்த வயதை ஒரே நேரத்தில் இறக்கி அடுத்தடுத்த பிளாக்குகளைப் பிடிக்க முயலலாம். அடுத்த ஆண்டு வந்த நெக்ஸ்ட், வயதை விட்டுவிட்டு இருப்பை மட்டும் எண்ணியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் இரண்டு வழியாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம் ஸ்டேக்கின் அளவுக்கு ஏற்ற குலுக்கல், இன்னொரு பக்கம் காயின் வைத்திருப்பவர்கள் வாக்களித்து ஒரு குழுவைத் தேர்ந்தெடுப்பது.

கேள்வி: உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும், ஒருவரை ஒருவர் நம்பாத கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே குலுக்கல் எண்ணை எப்படி ஒப்புக்கொள்கின்றன? யாரோ ஒருவர்தானே அந்த எண்ணைப் போட வேண்டும்?

சிக்கலே அங்கேதான். முதலில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை, முந்தைய பிளாக்கின் ஹேஷையே (பிளாக்கில் உள்ளதிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) குலுக்கல் எண்ணாக வைத்துக்கொள்வது. ஆனால் பிளாக்கை எழுதுபவர் அதற்குள் இருக்கும் பரிவர்த்தனைகளின் வரிசையைக் கொஞ்சம் மாற்றினாலே ஹேஷ் மாறிவிடும், ஆயிரம் விதமாக மாற்றிப் பார்த்து, அடுத்த முறையும் தன் பெயரே வருகிற மாதிரி ஒன்றை வெளியிடுவார். கிரைண்டிங் என்று இதற்குப் பெயர். பார்த்தால் ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக், உள்ளே மறுபடியும் கம்ப்யூட்டர் சக்திப் போட்டிதான்.

எத்தீரியம் இதற்கு ராண்டாவோ என்ற முறையை வைத்திருக்கிறது. ஒவ்வொரு பிளாக்கை எழுதுபவரும் அப்போதைய எபோக்கின் எண்ணைத் தன் ரகசியச் சாவியால் கையெழுத்திட்டுப் பிளாக்கோடு சேர்க்க வேண்டும் (ஸ்லாட் என்பது ஒரு பிளாக் எழுதக் கிடைக்கும் 12 விநாடி நேரத் துண்டு, அப்படி 32 ஸ்லாட்கள் சேர்ந்தது ஒரு எபோக், அதாவது 6.4 நிமிடம்). அங்கே பயன்படும் கையெழுத்து முறையில் ஒரு சாவிக்கும் ஒரு செய்திக்கும் ஒரே ஒரு கையெழுத்துதான் செல்லும், பிடித்ததைப் பொறுக்கி எடுக்க முடியாது. அந்தக் கையெழுத்தின் ஹேஷை ஏற்கெனவே இருக்கும் எண்ணோடு கலப்பார்கள். இப்படி ஒருவர் மேல் ஒருவர் கலந்துகொண்டே போனால், நடுவில் ஒரே ஒருவர் நேர்மையாக இருந்தாலும் அதற்கு முன்னால் இருந்தவர்கள் போட்ட கணக்கெல்லாம் வீண்.

அவருக்குப் பின்னால் வருபவர்கள் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. எபோக்கின் கடைசி ஸ்லாட் யாருக்கு விழுகிறதோ அவருக்கு ஒரு சின்ன அதிகாரம் கிடைக்கிறது: தன் பிளாக்கை வெளியிட்டால் வரும் எண், வெளியிடாமல் விட்டால் வரும் எண், இரண்டையும் பார்த்துவிட்டுத் தனக்கு வசதியானதைத் தேர்ந்தெடுக்கலாம். கடைசி இரண்டு ஸ்லாட்டும் அவருடையதென்றால் நான்கு எண்கள், மூன்றென்றால் எட்டு. விட்டுவிடும் பிளாக்கின் வருமானத்தை இழக்க வேண்டும் என்பதுதான் தடை. சிறிய வேலிடேட்டர் ஒருவருக்கு இந்த வாய்ப்பு வருவதே அபூர்வம், ஆனால் ஸ்டேக்கில் பெரும்பங்கைக் கையில் வைத்திருக்கும் அமைப்புக்குக் கடைசி ஸ்லாட்கள் வரிசையாக விழுவது அவ்வளவு அபூர்வமில்லை. பெரியவரின் பங்கு ஏற ஏற இந்தக் கசிவும் பெரிதாகும் என்பதால் இதைத் தீர்ந்த பிரச்சினையாக என்னால் பார்க்க முடியவில்லை.

இன்னொரு ஓட்டையை அழகாக அடைத்திருக்கிறார்கள். குலுக்கல் எண் தெரிந்த பிறகு, அந்த எண்ணுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு புதுச் சாவியை உருவாக்கி வேலிடேட்டராகச் சேர்ந்தால் என்ன? முடியாது. புதிதாகச் சேர்பவர் சில எபோக்குகள் காத்திருந்த பிறகுதான் பட்டியலில் வருவார், அவர் பயன்படுத்த நினைத்த எண் அதற்குள் பழையதாகிவிடும்.

எண் கிடைத்த பின் நடப்பது நேரடியான கணக்கு. பட்டியலைக் கலைத்து ஒருவரை எடுக்கிறார்கள், இன்னொரு சிறு குலுக்கலில் அவருடைய இருப்பின் அளவுக்கு ஏற்ற வாய்ப்பில் ஏற்றுக்கொள்கிறார்கள் அல்லது தள்ளிவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறார்கள். எல்லோரும் 32 ஈதர்தான் (எத்தீரியத்தின் காயின்) என்று இருந்தவரை இந்த இரண்டாவது படிக்குப் பெரிய வேலை இல்லை. 2025 மே மாத மாற்றத்துக்குப் பிறகு ஒரே வேலிடேட்டர் 2048 ஈதர் வரை வைத்துக்கொள்ளலாம் என்றானதும்தான் அது உண்மையிலேயே தேவைப்படுகிறது.

கேள்வி: அல்கோராண்ட், கார்டானோ போன்றவற்றில் ஒவ்வொருவரும் தன் கம்ப்யூட்டரிலேயே தனியாகக் குலுக்கிப் பார்த்துக்கொள்கிறார்களாம். "எனக்குத்தான் விழுந்தது" என்று பொய் சொன்னால் என்ன செய்வது?

பொய் சொல்ல முடியாதபடி ஒரு கணித வேலை இருக்கிறது: வெரிஃபயபிள் ரேண்டம் ஃபங்ஷன், சுருக்கமாக விஆர்எஃப். சில்வியோ மிகாலி, மைக்கேல் ராபின், சலில் வதன் ஆகிய மூவரும் 1999ல் முன்வைத்தது. அதே மிகாலிதான் பின்னாளில் அல்கோராண்டைத் தொடங்கினார். எல்லோருக்கும் தெரிந்த பொது எண் ஒன்றை உங்கள் ரகசியச் சாவியோடு சேர்த்து இந்தச் சார்புக்குள் போட்டால் ஒரு விடையும் ஒரு சான்றும் வெளியே வரும். விடை உங்கள் ஸ்டேக்குக்கு உரிய வரம்புக்குக் கீழே இருந்தால் குலுக்கல் உங்களுக்கு. சாவி உங்களிடம் மட்டும் இருப்பதால் வேறு யாராலும் அதை முன்கூட்டிக் கணக்கிட முடியாது, ஆனால் சான்றைப் பார்த்து எல்லோராலும் சரிபார்க்க முடியும்.

இதன் பெரிய லாபம், பிளாக் வெளியே வரும்வரை அதை எழுதுபவர் யாரென்று யாருக்கும் தெரியாது. தெரியாதவரை யார் தாக்குவது? அல்கோராண்ட் இன்னும் ஒரு படி மேலே போய், குழு உறுப்பினர்கள் செய்திகளில் கையெழுத்திட ஒருமுறைச் சாவிகளைக் கொடுத்து, பயன்படுத்தியதும் அழிக்கச் சொல்கிறது. பிறகு அவரை மிரட்டியோ விலைக்கு வாங்கியோ அதே சுற்றுக்கு இன்னொரு கையெழுத்து வாங்கப் பார்த்தால் அவரிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. தனித்தனியாகக் குலுக்குவதால் ஒரே ஸ்லாட்டில் இரண்டு பேருக்கு விழலாம், யாருக்குமே விழாமலும் போகலாம். கார்டானோவில் ஸ்லாட் ஒரு விநாடி, ஆனால் 5 சதவீத ஸ்லாட்களில் மட்டுமே யாருக்காவது விழுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். சராசரியாக 20 விநாடிக்கு ஒரு பிளாக் வருவது அதனால்தான், நடுவில் காலியாகப் போகும் ஸ்லாட்களைப் பார்த்து நெட்வொர்க் நின்றுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: என் காயின்களைப் பத்து வாலெட்டுகளாகப் பிரித்து வைத்தால் பத்து முறை குலுக்கலில் கலந்துகொள்ளலாமே?

கலந்துகொள்ளலாம், ஆனால் வாய்ப்பு கூடாது. கார்டானோவின் கணக்கையே பாருங்கள். மொத்த ஸ்டேக்கில் 20 சதவீதம் வைத்திருப்பவர் ஒரு ஸ்லாட்டில் தோற்கும் வாய்ப்பு 0.95ன் 0.2 அடுக்கு, அதாவது 0.9898. அதையே 10 சதவீதமாக இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் தோற்கும் வாய்ப்பு 0.9949, இரண்டும் சேர்ந்து தோற்பதற்கு அவற்றைப் பெருக்க வேண்டும், பெருக்கினால் மறுபடியும் 0.9898. எத்தனை துண்டாக்கினாலும் விடை மாறாது. அடுக்கு வடிவில் சூத்திரத்தை வைத்ததே இதற்காகத்தான். எளிமையான நேர்விகிதத்தை இந்த இடத்தில் வைத்திருந்தால் இந்தச் சமன் கொஞ்சம் தவறியிருக்கும்.

ஊதியம் வேறு கதை. கார்டானோவில் ஒரு பூல் (பலருடைய ஸ்டேக்கைச் சேர்த்து நடத்தும் குழு) மொத்தத்தில் 500ல் ஒரு பங்குக்கு மேல் வளர்ந்தால் கூடுதல் ஸ்டேக்குக்கு ஊதியம் கிடையாது. பூல்கள் பெருத்துவிடாமல் இருக்க வைத்த விதி, ஆனால் ஒரே நிர்வாகி நான்கைந்து பூல் திறந்துகொள்வதற்கும் அதுவே காரணமாகிறது. சொந்தக் காயினை அடமானமாகப் போட்டால் ஊதியம் சற்றுக் கூடும் என்று ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள், என் பார்வையில் அது போதவில்லை. எந்த அல்காரிதமும் காயினைத்தான் எண்ணும், ஆளை எண்ண அதற்குத் தெரியாது.

கேள்வி: சொலானாவில் யார் எப்போது பிளாக் எழுதுவார் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுகிறார்களே, ஆபத்தில்லையா?

ஆபத்து உண்டு, தெரிந்தேதான் செய்கிறார்கள். 4,32,000 ஸ்லாட்கள் கொண்ட எபோக் முழுவதற்கும் முன்னதாகவே வரிசை தயார், ஒவ்வொருவருக்கும் ஒரு முறைக்கு நான்கு ஸ்லாட். பரிவர்த்தனையை எல்லோருக்கும் பரப்பாமல் அடுத்து எழுதப்போகிறவருக்கே நேராக அனுப்பலாம், வேகம் வருவதில் இதற்கும் பங்கு உண்டு. ஆனால் அதே பட்டியலை வைத்து, எழுதும் நேரத்தில் அவரைச் செயலிழக்கவைக்கத் தாக்குவதும் சுலபம். காஸ்மாஸில் குலுக்கலே கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோருடைய முன்னுரிமை எண்ணோடும் அவரவர் ஸ்டேக்கைக் கூட்டி, அதிகம் இருப்பவரை எழுதவிட்டு, அவர் கணக்கிலிருந்து மொத்த ஸ்டேக்கைக் கழிக்கிறார்கள். 3 பங்கு வைத்திருப்பவரும் 1 பங்கு வைத்திருப்பவரும் மட்டும் இருந்தால் நான்கு பிளாக்கில் மூன்று முன்னவருக்கு, ஒன்று பின்னவருக்கு. யார் வேண்டுமானாலும் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு ஸ்லாட்டுக்கு ஒரே ஒருவர்தான் தேர்வாக வேண்டும், அவர் யாரென்றும் முன்கூட்டித் தெரியக்கூடாது என்பதற்காகக் குறியாக்க அறிஞர் டேன் போனே உள்ளிட்டோர் 2020ல் எழுதிய ஒற்றை ரகசியத் தலைவர் தேர்வு பற்றிய ஆய்வு எத்தீரியம் ஆட்களிடையே நிறையப் பேசப்பட்டது.

கேள்வி: குலுக்கலைவிட வாக்களிப்பது ஜனநாயகமாக இருக்கிறதே. இஓஎஸ், ஸ்டீம் மாதிரி செயின்கள் ஏன் பெயரைக் கெடுத்துக்கொண்டன?

வாக்களிப்பதில் தவறில்லை, வாக்குகளை எண்ணிய விதத்தில்தான் தவறு. 2018 ஜூனில் தொடங்கிய இஓஎஸ்ஸில் 21 பேர் பிளாக் எழுதுவார்கள். ஒரு காயின் வைத்திருப்பவர் 30 வேட்பாளர்கள் வரை ஆதரிக்கலாம், முப்பது பேருக்கும் அந்தக் காயினின் முழு மதிப்பும் போய்ச் சேரும், பங்கு போடப்படாது. இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். வாக்களிக்கும் காயின்களில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வைத்திருக்கும் ஒரு கூட்டணி ஒரே பட்டியலுக்கு வாக்களித்தால் 21 இடமும் அவர்களுக்கே. மீதிப் பேர் ஏறக்குறைய பாதிக் காயினை வைத்துக்கொண்டு ஒரு இடம்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நீ எனக்குப் போடு நான் உனக்குப் போடுகிறேன் என்று வேட்பாளர்கள் பேசி வைத்துக்கொள்வதற்கும் இந்த முறை கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

ஸ்டீமில் இது கண்முன்னால் நடந்தது. அங்கேயும் ஒரு கணக்கு 30 பேருக்கு முழு வாக்குப் போடலாம், முதல் 20 பேர் கையில் நிர்வாகம். 2020 பிப்ரவரியில் ஸ்டீமின் பின்னால் இருந்த ஸ்டீமிட் நிறுவனம், ட்ரான் என்ற இன்னொரு செயினை நிறுவிய ஜஸ்டின் சன் கைக்குப் போனது, அதோடு அந்த நிறுவனம் ஆரம்பத்திலேயே தனக்கென்று எடுத்து வைத்திருந்த பெரும் காயின் குவியலும் போனது. பயந்துபோன வேலிடேட்டர்கள் (அங்கே விட்னஸ் என்று பெயர்) அந்தக் காயின்கள் வாக்களிக்க முடியாதபடி முடக்கினார்கள். மார்ச் தொடக்கத்தில் காயின் வாங்கி விற்கும் சில பெரிய எக்ஸ்சேஞ்சுகள், வாடிக்கையாளர்கள் வைப்பாக வைத்திருந்த ஸ்டீமை எடுத்து வாக்குச் சக்தியாக மாற்றி சன் பக்கம் போட்டன, பழைய 20 பேரும் வெளியேறினார்கள். அப்படி மாற்றிய காயின்களை முழுவதும் திரும்ப எடுக்க அப்போது 13 வாரம் ஆகும் என்பது வேறு. எதிர்ப்பு வெடித்ததும் எக்ஸ்சேஞ்சுகள் சில பின்வாங்கின, ஆனால் சமூகத்தில் பெரும்பகுதி மார்ச் 20 அன்று ஹைவ் என்ற தனிச் செயினாகப் பிரிந்து போய்விட்டது.

இதில் இரண்டு நோய்கள் இருந்தன. எக்ஸ்சேஞ்சில் விட்டுவைத்த காயினின் வாக்கு உங்களுடையது இல்லை என்பது ஒன்று, எந்த அல்காரிதமும் இதைச் சரிசெய்யாது. பெரும்பான்மை எல்லா இடத்தையும் அள்ளிக்கொள்வது இன்னொன்று, இதற்கு மருந்து இருக்கிறது.

கேள்வி: போல்காடாட்டில் ஃபிராக்மென் முறை என்று ஒன்று சொல்கிறார்கள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எளிமையாகச் சொல்ல முடியுமா?

நான் சொன்ன மருந்து அதுதான். எட்வர்ட் ஃபிராக்மென் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்த ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர். நாடாளுமன்ற இடங்களை நியாயமாகப் பங்கிட 1890களில் அவர் யோசித்த முறை, பிளாக்செயினுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று அவர் நினைத்திருக்க வழியே இல்லை.

100 காயின், 5 இடம் என்று வைத்துக்கொள்வோம். 60 காயின் வைத்திருக்கும் 'அ' அணிக்கு ஐந்து வேட்பாளர்கள், 40 காயின் வைத்திருக்கும் 'ஆ' அணிக்கும் ஐந்து வேட்பாளர்கள். இஓஎஸ் பாணியில் எண்ணினால் 'அ' அணிக்கு ஐந்துக்கு ஐந்து.

ஃபிராக்மென் முறையில், தேர்வாகும் ஒவ்வொருவரும் தன் ஆதரவாளர்கள் மேல் 1 என்ற சுமையை ஏற்றுகிறார், ஆதரவாளர்கள் அதைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும், யாரைத் தேர்ந்தெடுத்தால் அவருடைய ஆதரவாளர்களின் தலைச்சுமை மிகக் குறைவாக இருக்குமோ அவருக்கே இடம். முதல் சுற்றில் 'அ' தரப்பில் காயினுக்கு 60ல் 1, 'ஆ' தரப்பில் 40ல் 1, முன்னது குறைவு, எனவே 'அ'வுக்கு. இரண்டாம் சுற்றில் 'அ' மறுபடி எடுத்தால் அவர்கள் சுமை 60ல் 2 ஆகிவிடும், 'ஆ'வுக்கு இன்னும் 40ல் 1தான், எனவே 'ஆ'வுக்கு. மூன்றாவதில் 60ல் 2, 40ல் 2 என்று நிற்கும், 'அ'வுக்குப் போகும். மீதி இரண்டு இடத்துக்கு 60ல் 3ம் 40ல் 2ம் சமம் என்பதால் ஆளுக்கொன்று. ஆக 3க்கு 2, அறுபதுக்கு நாற்பது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். 60 காயினை மூன்று பேருக்குப் பிரித்தால் ஒருவர் பின்னால் 20, 40ஐ இரண்டு பேருக்குப் பிரித்தாலும் 20. ஐந்து பேர் பின்னாலும் சம பணம் நிற்கிறது. 'அ' அணி அள்ளிக்கொண்டிருந்தால் 60ஐ ஐந்தால் வகுத்து ஆளுக்கு 12தான், 'ஆ'வின் 40 காயின் யாருக்கும் பயனில்லாமல் வெளியே நிற்கும். வேலிடேட்டர் தப்பு செய்தால் பறிமுதலாகும் தொகைதானே செயினின் பாதுகாப்பு? விகிதாசாரமாகப் பங்கிடுவது பரந்த மனசுக்காக மட்டும் இல்லை, அதே கணக்கு செயினையும் உறுதியாக்குகிறது. போல்காடாட்டில் வெவ்வேறு தேர்தல் விடைகளை ஒப்பிடும்போது முதலில் பார்ப்பதே, தேர்வானவர்களில் மிகக் குறைந்த ஆதரவு உள்ளவரிடம் எவ்வளவு நிற்கிறது என்பதைத்தான்.

நிஜத்தில் ஒருவர் 16 பேர் வரை ஆதரிக்கலாம், ஆதரவுப் பட்டியல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும், கணக்கு கனமாகிவிடும். அதனால் செயினுக்கு வெளியே கணக்கிட்டு விடையைச் சமர்ப்பிக்கிறார்கள், செயின் அது முறையானதா, ஏற்கெனவே வந்ததைவிட மேலா என்று மட்டும் சரிபார்க்கிறது. சமமான வேலைக்கு வேலிடேட்டர்களுக்கு ஏறக்குறைய சமமான ஊதியம், பின்னால் எவ்வளவு ஸ்டேக் நின்றாலும் சரி. ஆகவே கூட்டம் குறைவாக உள்ளவரிடம் போனால் உங்களுக்குப் பங்கு அதிகம். வாக்களிப்பு முறைகளில் எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: அட்டம் காயின் கொஞ்சம் வைத்திருக்கிறேன். காஸ்மாஸில் எந்த வேலிடேட்டரிடம் ஒப்படைப்பது? முதல் இடத்தில் இருப்பவர்தானே பாதுகாப்பு?

முதல் பத்து இடங்களைத் தாண்டிக் கீழே பாருங்கள். அங்கே போல்காடாட் மாதிரி சமன்படுத்தும் கணக்கு கிடையாது, ஸ்டேக் அதிகமுள்ள குறிப்பிட்ட எண்ணிக்கை பேர் உள்ளே, மற்றவர் வெளியே (2019 மார்ச்சில் 100 பேராகத் தொடங்கி, பிறகு உயர்த்தினார்கள்). மூன்றில் ஒரு பங்கு ஸ்டேக் சில பேர் கையில் சேர்ந்துவிட்டால் அவர்கள் சேர்ந்து செயினை நிறுத்தவே முடியும், மேலே இருப்பவரிடமே எல்லோரும் போய்ச் சேர்வது அந்த நாளை அருகில் கொண்டுவரும். அதற்காக ஓரத்தில் தொங்கிக்கொண்டிருப்பவரிடமும் போகாதீர்கள், அவர் பட்டியலிலிருந்து விழுந்தால் உங்கள் வருமானமும் நிற்கும்.

கமிஷன் பூஜ்யம் என்றால் உடனே மயங்க வேண்டாம், சர்வருக்கான செலவை எங்கிருந்து எடுக்கிறார் என்று கேளுங்கள், ஒரு நாளில் எவ்வளவு வரை கமிஷனை ஏற்ற முடியும் என்று அவரே குறித்திருப்பார், அதையும் பாருங்கள். செயினின் நிர்வாகம் பற்றிய வாக்கெடுப்புகளில் அவர் கலந்துகொள்கிறாரா என்பது முக்கியம், நீங்கள் வாக்களிக்காவிட்டால் உங்கள் வாக்கையும் அவர்தான் போடுவார். செயினில் ஒரே இடத்துக்கு இரண்டு வெவ்வேறு பிளாக்கில் கையெழுத்திட்டு மாட்டினால் 5 சதவீதம் பறிபோகும், நெடுநேரம் சர்வர் நின்றால் 0.01 சதவீதம், இரண்டுமே உங்கள் காயினையும் சேர்த்துத்தான். முழுவதுமாக வெளியே எடுக்க 21 நாள் காத்திருக்க வேண்டும். வேலிடேட்டரை மட்டும் மாற்ற நினைத்தால் காத்திருக்கத் தேவையில்லை, உடனே மாற்றலாம், ஆனால் அப்படி மாற்றிய காயினை அடுத்த 21 நாளுக்கு இன்னொருவரிடம் மறுபடி மாற்ற முடியாது.